பூவை நெருங்கி எடுத்த படம் தெளிவாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

வெளியில் பூக்களை நெருங்கி எடுத்த படங்களைப் பெரிய திரையில் திறந்து பார்க்கிறீர்கள். பாதிக்கு மேல் மங்கல், நிறமும் கண்ணால் பார்த்தது போல இல்லை. புது லென்ஸ் தேடக் கிளம்புவதற்கு முன்னால், கெட்டுப்போன அந்தப் படங்களையே கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள், அழித்துவிடாதீர்கள். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஓரம் ஓரமாக நகர்த்திப் பார்த்தால் என்ன நடந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

படத்தில் எங்காவது ஓர் இடம், ஓர் இலை நுனியோ பின்னால் இருக்கும் மொட்டோ, கூர்மையாக இருக்கிறதா? அப்படியானால் ஃபோகஸ் வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டது போல இருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. பக்கத்து இலை தெளிவாக இருந்து பூ மட்டும் கலைந்திருந்தால் காற்று. திசை எதுவும் இல்லாமல் படம் முழுக்க ஒரே மாதிரி மங்கலாகக் கிடந்தால் அபெர்ச்சர் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை) அல்லது அழுக்குக் கண்ணாடி. இதைப் பிரித்துப் பார்க்காமல் கைக்கு வந்ததை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும். தெளிவாகத் தெரியும் ஆழம் போதவில்லை என்று அபெர்ச்சரைச் சிறிதாக்குவீர்கள், ஷட்டர் மெதுவாகிவிடும், காற்றில் பூ கலைந்துவிடும், அப்புறம் லென்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டுவீர்கள். அதனால் அறிகுறி முதலில், மாற்றம் பிறகு, அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று.

லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, ஃபோகஸ் பிடிக்கவே இல்லை

மிக அருகில் போய்விட்டீர்கள், பெரும்பாலும் இதுதான். இதற்கு மேல் நெருங்கினால் ஃபோகஸ் ஆகாது என்று ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு தூரம் உண்டு. அந்தத் தூரத்தை லென்ஸின் முன்பக்கக் கண்ணாடியிலிருந்து அளக்க மாட்டார்கள், கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்துதான் அளப்பார்கள். பல கேமராக்களின் மேல்பக்கத்தில் வட்டத்தைக் குறுக்கே ஒரு கோடு வெட்டுவது போல ஒரு சின்னக் குறி இருக்கும், சென்சார் இருக்கும் இடம் அதுதான். மெல்லப் பின்னால் வாருங்கள், பிடிக்கும்.

பின்னால் வந்தால் பூ சிறிதாகத் தெரிகிறது என்றால் வழி இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுவது. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. குழாய் போட்டால் உருப்பெருக்கம் கிட்டத்தட்ட அரை மடங்கு கூடும், அதாவது பூ இருக்கும் அளவில் பாதி சென்சாரில் விழும். தூரத்தில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது, வெளிச்சமும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இன்னொரு வழி லென்ஸின் முன்னால் திருகும் குளோஸ்-அப் லென்ஸ். லென்ஸை முடிவிலியில் வைத்திருந்தால் +2 டயாப்டர் என்பது 50 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் ஆகும், +4 என்றால் 25 செ.மீ. ஒற்றைக் கண்ணாடியில் செய்த மலிவான குளோஸ்-அப் லென்ஸ்கள் ஓரங்களை மங்கலாக்கி இதழ் விளிம்பில் ஊதா, பச்சைக் கோடு வரவைக்கும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த ஆக்ரோமேட் வகை எவ்வளவோ மேல், வாங்குவதானால் அதையே வாங்குங்கள்.

தூரம் சரியாக இருந்தும் ஓடுகிறதா? ஃபோகஸ் புள்ளி வழுவழுப்பான இதழின் நடுவில் இருக்கிறதா பாருங்கள். கோடோ விளிம்போ இல்லாத ஒரே நிறப் பரப்பில் ஆட்டோ ஃபோகஸுக்குப் பிடிமானம் கிடைக்காது. ஒற்றைச் சிறு புள்ளியைத் தேர்ந்தெடுத்து மகரந்தத் தாள் மீதோ இதழின் விளிம்பிலோ வையுங்கள். நெருக்கப் படத்துக்கென்றே செய்த மேக்ரோ லென்ஸ் என்றால் அதன் பக்கவாட்டில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருக்கலாம். அது தூரக் காட்சிக்கான நிலையில் இருந்தால் எவ்வளவு முயன்றாலும் அருகில் பிடிக்காது.

போனில் இதே பிரச்சினை வேறு வேடத்தில் வரும். ஐபோன் 13 புரோ மாதிரியான போன்கள் நீங்கள் நெருங்கியதும் பிரதான கேமராவை விட்டுவிட்டு அதி அகலக் கோண (அல்ட்ரா வைட்) கேமராவுக்குத் தானாகத் தாவும், அது 2 செ.மீ. வரை ஃபோகஸ் செய்யும். ஆனால் அவ்வளவு நெருங்கும்போது போனின் நிழலே பூவின் மேல் விழும், பின்னால் இருக்கும் குப்பை கூளமெல்லாம் படத்துக்குள் வரும். கொஞ்சம் பின்வாங்கி 2x அல்லது 3x வைத்து எடுத்த படம்தான் பெரிய பூக்களுக்குப் பெரும்பாலும் அழகாக இருக்கும். நெல்முனை அளவு பூவுக்கு மட்டும் மேக்ரோவை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் பிடித்தது என்று பச்சை விளக்கு காட்டியது, ஆனால் பின்னால் இருக்கும் இதழ்தான் தெளிவு

நெருக்கப் படங்களில் எனக்குத் தெரிந்து அதிகம் பேரைக் குழப்புவது இதுதான், ஏனென்றால் கேமரா பொய் சொல்லவில்லை, பொத்தானைப் பாதி அழுத்திய அந்த நொடியில் சரியாகத்தான் பிடித்திருந்தது. 36×24 மி.மீ. அளவுள்ள முழு ஃபிரேம் சென்சாரில், பூவை அதன் உண்மையான அளவிலேயே, அதாவது 1:1 உருப்பெருக்கத்தில் அபெர்ச்சரை எஃப்/8 (இந்த எண் பெரிதானால் துளை சிறிது) வைத்து எடுத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மி.மீ. மட்டும். பாதி அளவில் எடுத்தால் சுமார் 3 மி.மீ. நின்றுகொண்டு குனிந்து எடுக்கும் மனிதரின் உடல் மூச்சுவிடும்போதே அதைவிட அதிகமாக முன்னும் பின்னும் ஆடும். லென்ஸிலும் கேமராவிலும் இருக்கும், கை ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசர் இந்த முன்பின் ஆட்டத்துக்கு உதவாது, அது பக்கவாட்டு, மேல்கீழ் ஆட்டத்துக்கானது.

இங்கே ஆட்டோ ஃபோகஸை விட்டுவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. மேனுவலுக்கு மாற்றி, பூ எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அந்த அளவுக்கு ஃபோகஸ் வளையத்தை ஒருமுறை திருப்பி வைத்துவிட்டு, வளையத்தைத் தொடாமல் உங்கள் உடம்பையே மெதுவாக முன்னால் சாயுங்கள். சூல்முடியோ மகரந்தமோ கூர்மையாகத் தெரியும் இடத்துக்கு வரும்போது தொடர்படமாக நான்கைந்து எடுங்கள். அதில் ஒன்று சரியான மில்லிமீட்டரில் விழும். ஃபோகஸ் பீக்கிங் (கூர்மையான விளிம்பில் நிறம் பூசிக் காட்டும் வசதி) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், நிறம் பூசிய விளிம்பு முன்னிருந்து பின்னாக நகர்வது தெரியும்.

ஆட்டோ ஃபோகஸே வேண்டும் என்றால் தொடர் ஃபோகஸ் வையுங்கள், ஃபோகஸ் புள்ளியையே பூவின் மேல் நகர்த்துங்கள். நடுப்புள்ளியில் பூட்டிவிட்டு ஃபிரேமைத் திருப்பும் பழக்கம் இந்தத் தூரத்தில் வேலை செய்யாது, திருப்பும்போதே அந்த ஒரு மில்லிமீட்டர் போய்விடும். நிற்காமல் உட்காருங்கள் அல்லது படுத்துவிடுங்கள். முழங்கைகள் தரையிலோ முட்டியிலோ ஊன்றியிருந்தால் ஆட்டம் பெருமளவு குறையும்.

படம் முழுக்க ஒரே பக்கமாக இழுத்திருக்கிறது

100 மி.மீ. லென்ஸுக்கு 1/100 நொடி போதும் என்ற பழைய கணக்கு தூரத்துக் காட்சிகளுக்கானது. நெருங்க நெருங்க கையின் ஆட்டமும் சேர்ந்தே பெரிதாகிறது. 2009-இல் வந்த கேனன் 100 மி.மீ. எல் மேக்ரோ லென்ஸின் ஸ்டெபிலைசர் சாதாரணத் தூரத்தில் நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) வரை உதவும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது, அதே லென்ஸில் 1:1 வரும்போது அது இரண்டு ஸ்டாப்பாகக் குறைந்துவிடும். கையில் பிடித்து எடுக்கும்போது 1/250 நொடிக்குக் கீழே போகாமல் பாருங்கள், அதற்காக ஐஎஸ்ஓவை (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறனை) 800, 1600 என்று ஏற்ற வேண்டியிருந்தால் தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளிப் புள்ளியாக வரும் நாய்ஸைக் கணினியில் குறைக்கலாம், ஆடிப்போன படத்தை அப்படி மீட்க முடியாது.

டிரைபாடில் வைத்தும் இழுக்கிறது என்றால் பொத்தானை அழுத்தும் விரல்தான் காரணமாக இருக்கும். 2 நொடி டைமர் போடுங்கள், கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) எடுங்கள். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். மண் ஈரமாக இருந்தால் கால்களை நன்றாக அழுத்தி ஊன்றிய பிறகே ஃபிரேம் வையுங்கள்.

இலை தெளிவு, பூ மட்டும் கலைந்திருக்கிறது

காற்று. கன்னத்தில் படுவதே தெரியாத காற்றும் நீளமான காம்பில் இருக்கும் பூவை ஆட்டிவிடும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பூ நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் அசைகிறது என்று வையுங்கள், அது மிக மெதுவான அசைவுதான். 1/60 நொடியில் அது 0.8 மி.மீ. நகர்ந்திருக்கும். 1:1-இல் எடுக்கும்போது அந்த 0.8 மி.மீ. அப்படியே சென்சாரில் விழும். 24 மெகாபிக்சல் முழு ஃபிரேமில் ஒரு பிக்சல் சுமார் 0.006 மி.மீ., ஆக 130 பிக்சலுக்கு மேல் இழுபடும். சரி, 1/500 வைத்தால்? அப்போதும் 16, 17 பிக்சல் இழுக்கும். ஆகவே ஷட்டர் வேகத்தை மட்டும் நம்பி இதை ஜெயிக்க முடியாது, பூ அசையாத கணத்தைப் பிடித்தாக வேண்டும்.

அப்படி ஒரு கணம் நிச்சயம் வரும். ஆடும் பூ ஒரு பக்கம் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு துளி நேரம் நின்றுதான் திரும்பும். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் அந்த ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள், தாளம் பிடிபடும், திரும்பும் இடத்தில் எடுங்கள். காற்றும் விடாமல் அடிப்பதில்லை, அலை அலையாக வந்து நடுவில் ஓயும். அந்த ஓய்வுக்காக விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

நேரமும் முக்கியம். வெயில் ஏறி நிலம் சூடான பிறகு காற்று கிளம்பும், விடிந்த உடனே பெரும்பாலும் அடங்கியிருக்கும், பனித்துளியும் கூடவே கிடைக்கும். காற்று வரும் பக்கத்தில் பையையோ குடையையோ ஓர் அட்டையையோ நிறுத்தினால் நல்ல வித்தியாசம் தெரியும். தண்டுக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, ஃபிரேமுக்குக் கீழே மென்மையான கிளிப்பால் தண்டைத் தாங்கிப் பிடிக்க வைக்கலாம், ஆனால் தண்டை நெரிக்காதீர்கள், எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். பறித்து வைத்து எடுப்பதை நான் சொல்லவே மாட்டேன். செடியில் இருக்கும் பூ பெரும்பாலும் நாளைக்கும் இருக்கும், இன்னும் நல்ல வெளிச்சத்தில் திரும்ப எடுக்கலாம்.

மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் வைத்திருந்தால், பல மாடல்களில் சென்சார் வரிசை வரிசையாகப் படிக்கப்படுவதால் ஆடும் பூவின் வடிவமே சாய்ந்துபோகும். இதழ் ஒரு பக்கம் வளைந்தது போல வந்திருந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிப் பாருங்கள்.

நடு தெளிவு, இதழ் நுனியெல்லாம் மங்கல்

இது பிழையே இல்லாமலும் இருக்கலாம், பல நல்ல பூப் படங்கள் இப்படித்தான் இருக்கின்றன. ஆனால் முழுப் பூவும் தெளிவாக வேண்டும் என்றால் அபெர்ச்சரைத் தொடுவதற்கு முன்னால் கேமராவின் கோணத்தை மாற்றுங்கள். தெளிவாகத் தெரியும் அந்த மெல்லிய அடுக்கு சென்சாருக்கு இணையாக இருக்கிறது. தட்டையாக விரிந்த நித்தியகல்யாணியை நேர் மேலிருந்து எடுத்தால் ஐந்து இதழும் அதே அடுக்குக்குள் வந்துவிடும், அதே பூவைச் சாய்வாக எடுத்தால் ஓர் இதழ் மட்டுமே வரும். செம்பருத்தியில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டைப் பக்கவாட்டில் இருந்து எடுத்தால் அடி முதல் நுனி வரை தெளிவாக வரும். காசு செலவில்லாமல், ஷட்டர் மெதுவாகாமல் கிடைக்கும் ஆழம் இது ஒன்றுதான்.

அதுவும் போதவில்லை என்றால் எஃப்/11 வரை போங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் ஃபோகஸை முன்னிலிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து அடுக்கும் முறை, ஃபோகஸ் ஸ்டாக்கிங். ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர், ஃபோட்டோஷாப் மூன்றும் இதைச் செய்யும், இலவசமாக வேண்டுமென்றால் என்ஃபியூஸ் இருக்கிறது. பல புதிய கேமராக்கள் ஃபோகஸை நகர்த்தித் தானாகவே வரிசையாக எடுத்துக் கொடுக்கும். நிபந்தனை ஒன்று உண்டு, எல்லாப் படமும் எடுத்து முடியும் வரை பூ அசையக் கூடாது. அசைந்தால் இதழ் விளிம்பில் இரட்டைக் கோடு வரும்.

எஃப்/22 வைத்தேன், எல்லாமே ஒரே மாதிரி மங்கலாக இருக்கிறது

மிகச் சிறிய துளை வழியாகப் போகும்போது ஒளி விளிம்பில் வளைந்து பரவுகிறது, பாடப்புத்தகத்தில் விளிம்பு விளைவு என்று படித்தோமே அதுதான். நெருக்கப் படத்தில் இது இன்னும் மோசம். 1:1-இல் எஃப்/16 என்று திரையில் இருந்தாலும் உண்மையில் அது எஃப்/32 போல நடந்துகொள்ளும். நிக்கான் கேமராக்கள் அந்த நிறுவனத்தின் மைக்ரோ லென்ஸ்களில் (மேக்ரோவுக்கு அது வைத்த பெயர்) நெருங்க நெருங்க இந்த எண் மாறுவதைக் காட்டும், பல கேமராக்கள் காட்டாது. எஃப்/8க்கும் எஃப்/11க்கும் திரும்பி வாருங்கள். அப்படியும் மங்கல் போகவில்லை என்றால் லென்ஸின் முன்னால் மாட்டியிருக்கும் பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், விரல் ரேகையும் மகரந்தத் தூளும் ஒட்டியிருக்கலாம்.

சிவப்புப் பூ ஒரே சிவப்புத் தீற்றலாக வருகிறது, இதழில் ஒரு நரம்பும் தெரியவில்லை

இதைப் பலர் ஃபோகஸ் பிழை என்று நினைத்துக்கொண்டு மறுபடி மறுபடி எடுக்கிறார்கள். விளிம்பு கூர்மையாக இருந்து உட்பக்கம் மட்டும் வழித்துவிட்டது போல இருந்தால் ஃபோகஸ் சரிதான், சிவப்பு நிறம் நிரம்பி வழிந்துவிட்டது. கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. அடர் சிவப்புச் செம்பருத்தியில் பச்சையும் நீலமும் ஏறக்குறைய காலியாக இருக்க, சிவப்பு மட்டும் உச்சத்தில் முட்டிவிடும். மூன்றையும் கலந்து காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) இது தெரியாது, எல்லாம் நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கும். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள், சிவப்பு வலது சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

எக்ஸ்போஷரை -0.7 அல்லது -1 வைத்து மறுபடி எடுங்கள், சிவப்பு சுவரை விட்டு விலகும் வரை. கேமராவில் விவிட் மாதிரியான பிக்சர் ஸ்டைல் இருந்தால் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். நிறம் தூக்கலாக வேண்டும் என்றுதான் அதை வைத்திருப்பீர்கள், ஆனால் இங்கே அதுவே இதழின் நரம்புகளை அழிக்கிறது. ரா ஃபைலாக (சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) எடுத்தால் பின்னால் மீட்க இடம் இருக்கும். கேமராவின் நிற எல்லை அமைப்பில் எஸ்ஆர்ஜிபியை விட்டு அடோபி ஆர்ஜிபிக்கு மாறினால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள், சிவப்புக்கு அது உதவாது, இரண்டுக்கும் சிவப்பின் எல்லை ஒன்றுதான், அடோபி ஆர்ஜிபி கூடுதலாகக் கொடுப்பது பச்சைப் பக்கம். கணினியிலும் சேச்சுரேஷனைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். சிவப்பு கொஞ்சம் இறங்கினால்தான் மடிப்பும் நரம்பும் நிழலும் வெளியே வரும், அப்போதுதான் பூ உயிரோடு இருப்பது போலத் தெரியும். அடர் மஞ்சளுக்கும் கிட்டத்தட்ட இதே கதை, அங்கே சிவப்போடு பச்சையும் சேர்ந்து முட்டும்.

மற்ற நிறக் குறைகள்

வெள்ளைப் பூ சாம்பலாக வந்தால், ஃபிரேம் நிறைய வெள்ளையைப் பார்த்த கேமராவின் ஒளி மீட்டர் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கிறது, எக்ஸ்போஷரை +1 கூட்டுங்கள். அதே வெள்ளைப் பூ இருட்டான பின்னணியில் சிறிதாக இருந்தால் நேர்மாறாக வெளுத்துப்போகும், அங்கே குறைக்க வேண்டும். மல்லிகைக்கு எப்போதும் +1 என்று மனப்பாடமாக வைத்துக்கொள்ளாதீர்கள், ஃபிரேமில் எது அதிகம் என்று பாருங்கள்.

மஞ்சள் சாமந்தி ஃபிரேமை நிறைத்தால் ஆட்டோ வைட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்துக்கு ஏற்ப படத்தின் நிறத்தைத் தானாகத் திருத்தும் அமைப்பு) மஞ்சளையே ஒரு பிழை என்று நினைத்து நீலத்தைச் சேர்த்துவிடும். வெயிலில் எடுக்கும்போது டேலைட்டில் நிறுத்திவையுங்கள், திறந்த வானத்தின் நிழலில் ஷேடு. மரத்தடியில் எடுத்த படத்தில் பச்சை படிந்திருந்தால் அது இலைகள் வழியாக வந்த ஒளி, ஒரு வெள்ளை அட்டையைப் பூவின் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு சரிசெய்வது எளிது.

சங்குப்பூ போன்ற நீலம் கலந்த ஊதாப் பூக்கள் கண்ணுக்குத் தெரிந்த நிறத்தில் வராமல் அடம்பிடிக்கும். கேமராவின் கண்ணும் நம் கண்ணும் ஊதாவை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. பூவின் முன்னால் நிற்கும்போதே போனில் நிறத்தைக் குறித்துக்கொண்டு, ரா ஃபைலில் நீலம், ஊதா இரண்டின் ஹியூவையும் (நிறச் சாயலையும்) தனியாக நகர்த்துவதுதான் வழி.

நிறம் வெளிறி, பளபளப்பு அப்பியிருக்கிறது

உச்சி வெயிலில் இதழின் மேல்பரப்பு கண்ணாடி போல வானத்தைப் பிரதிபலிக்கும், அந்தப் பளபளப்பின் கீழே நிறம் மறைந்துவிடும். மேகம் மூடிய நேரத்துக்குக் காத்திருக்கலாம், அல்லது ஒளி ஊடுருவும் ஒரு வெள்ளைத் துணியைப் பூவுக்கும் சூரியனுக்கும் நடுவில் பிடிக்கலாம். துணி எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக ஒளி விழும், ஆனால் துணியின் நிழல் பின்னணியையும் மூடாமல் பாருங்கள். போலரைசர் ஃபில்டரைத் திருகித் திருகிப் பார்த்தால் இலையின் பளபளப்பு மறைந்து பச்சை திரும்பி வருவது கண்ணெதிரே தெரியும், விலையாக ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும். காற்று இருக்கும்போது அந்த விலை அதிகம், கழற்றிவிடுங்கள்.

பூவின் பின்னால் சூரியன் இருக்கும்படி எடுத்தால் மெல்லிய இதழ்கள் ஒளியை வடிகட்டி நிறத்தை அள்ளிக் கொடுக்கும், எனக்குப் பிடித்த வெளிச்சம் அதுதான். அப்போது படம் முழுக்கப் பால் போல வெளுத்தால் சூரிய ஒளி நேராக லென்ஸில் படுகிறது, ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) போடுங்கள் அல்லது கையால் லென்ஸுக்கு நிழல் கொடுங்கள்.

பூ நன்றாக இருக்கிறது, பின்னணி கெடுக்கிறது

கேமராவை ஒரு சாண் இறக்கியோ இரண்டு விரல் அளவு பக்கவாட்டில் நகர்த்தியோ பாருங்கள், நெருக்கப் படத்தில் அதற்கே பின்னணி முழுசாக மாறிவிடும். நீளமான லென்ஸ் குறுகிய கோணத்தைப் பார்ப்பதால் பூவை அதே அளவில் வைத்துக்கொண்டு பின்னணியில் குறைவான பொருட்களைக் காட்டும். பின்னால் தெரியும் வெளுத்த இலைக்கு உங்கள் நிழலையே போட்டு இருட்டாக்கலாம். போனின் போர்ட்ரெய்ட் மோடு மட்டும் வேண்டாம், மெல்லிய மகரந்தத் தாள்களையும் இதழ் விளிம்புகளையும் அது பின்னணி என்று நினைத்துக் கரைத்துவிடும்.

எல்லாம் செய்தாகிவிட்டது, இன்னும் தெளிவில்லை

லென்ஸைச் சோதிக்க இதுதான் நேரம். காற்றில்லாத அறையில் அச்சடித்த தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, டிரைபாடில் கேமராவைத் தாளுக்கு இணையாக வைத்து, எஃப்/8, 2 நொடி டைமர், லைவ் வியூவில் பெரிதாக்கி கையால் ஃபோகஸ் செய்து எடுங்கள். எழுத்துகள் கூர்மையாக வந்தால் லென்ஸில் குறை இல்லை, வெளியே நடப்பதில்தான் இன்னும் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது, முதல் அறிகுறியிலிருந்து மறுபடி பார்த்து வாருங்கள். அதே அமைப்பில் ஆட்டோ ஃபோகஸ் வைத்து எடுத்தால் மட்டும் மங்குகிறது என்றால் ஆட்டோ ஃபோகஸில் பிழை, டிஎஸ்எல்ஆர் சிலவற்றில் அதைத் திருத்தும் அமைப்பு மெனுவிலேயே இருக்கும். கையால் ஃபோகஸ் செய்தும் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கலாக வந்தால், முதலில் கேமரா தாளுக்கு உண்மையிலேயே இணையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் லென்ஸைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.